லண்டன் தீப்பெட்டிக்கு உண்டு, திருத்தங்கலுக்கு இல்லை

இந்த நாட்டில் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அரசு எதையும் மறுப்பதில்லை. லண்டனில் ஆய்வுப் பட்டம் படிக்க ஆசையா? திட்டம் இருக்கிறது. பெயர் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை. 1954-55 முதல் நடக்கிறது. பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நாடோடிப் பழங்குடியினர், நிலமில்லாத விவசாயக் கூலிகள், பரம்பரைக் கைவினைஞர்கள் ஆகியோர் வீட்டுப் பிள்ளைகளுக்கானது. 140 கோடி பேர் வாழும் நாட்டுக்கு ஆண்டுக்கு 125 இடம். தாராளம்தான். வீட்டு வருமானம் 8 லட்சத்தைத் தாண்டக் கூடாது, வயது 35க்குள் இருக்க வேண்டும், 60 சதவீத மதிப்பெண் வேண்டும், உலகத் தரவரிசையில் முதல் 500க்குள் வரும் பல்கலைக்கழகம் ஒன்று இடம் கொடுத்திருக்க வேண்டும். இத்தனை வேலியையும் தாண்டி 2025-26க்கு 106 பேர் தேறினார்கள். ஜூலை மாதம் பட்டியல் வந்தது. 40 பேருக்கு ஒப்புதல் கடிதம். மீதி 66 பேருக்கு ஒரு வரி: நிதி இருப்பைப் பொறுத்து வழங்கப்படலாம்.

பணம் இல்லாமல் இல்லை, பிரதமர் தலைமையிலான பொருளாதார விவகாரங்களுக்கான அமைச்சரவைக் குழுவின் ஒப்புதல்தான் வந்து சேரவில்லை என்று அமைச்சகத் தரப்பில் விளக்கம் சொன்னதாகச் செய்தி. நல்லது. துறைமுகம், நெடுஞ்சாலை என்று பெரிய பெரிய கோப்புகள் போகும் மேசைக்கு 66 பிள்ளைகளின் படிப்புச் செலவும் போயிருக்கிறது. என்ன மரியாதை! அப்புறம் யார் யாருக்கு எப்போது கடிதம் வந்தது என்று கணக்குப் பார்த்து ஆவதென்ன? ஐரோப்பாவில் வகுப்பு செப்டம்பரில் தொடங்கிவிடும். டெல்லியில் கோப்பு நகர்ந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்துவிட்டு எந்தப் பல்கலைக்கழகமும் மணி அடிப்பதில்லை.

இதே அரசு வரி வாங்கும் பக்கத்தையும் பாருங்கள். திருத்தங்கலில் இருந்தும் சிவகாசியில் இருந்தும் லாரி ஏறும் பட்டாசுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. 2024 தீபாவளிக்கு ஆறாயிரம் கோடி ரூபாய்க்கு வியாபாரம் என்று தயாரிப்பாளர்களே சொன்னார்கள். அதற்குரிய வரியை, 'கையிருப்பைப் பொறுத்துக் கட்டப்படலாம்' என்று எந்த முதலாளியாவது எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியுமா? மறுநாளே வாசலில் ஜீப் நிற்கும். வாங்கும்போது கறார், கொடுக்கும்போது இருப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே 2025 ஜூலை, முதல் தேதி, சாத்தூர் பக்கம் சின்னக்காமன்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. எட்டுப் பேருக்குக் குறையாமல் செத்தார்கள். அன்றைக்கே நிவாரணத் தொகை அறிவித்தாயிற்று. அதில் 'இருப்பைப் பொறுத்து' என்ற வால் இல்லை. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி பக்கம் முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 38 பேர் கருகியபோதும் நிவாரணம் தடங்கலின்றி அறிவிக்கப்பட்டது. ஆக, இந்த மண்ணில் அப்பன் செத்தால் அரசிடம் உடனே பணம் உண்டு. மகள் படித்தால்தான் அமைச்சரவைக் குழு கூட வேண்டும்.

திருத்தங்கலில் ஒரு பெண், செல்வி என்று வைத்துக்கொள்வோம். கற்பனைப் பெண்தான், அவளைத் தேடி யாரும் கிளம்ப வேண்டாம். பட்டியல் சாதி. நின்ற நாராயணப் பெருமாள் மலைக்கோயில் பக்கம் இரண்டு அறை வீடு. அப்பா பட்டாசு ஆலையின் மருந்து அறையில் வேலை. அம்மா சரவெடி பின்னியவர். பேரியம் நைட்ரேட்டும் சரவெடியும் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018ல் சொன்ன பிறகு பேன்சி ரகத்துக்கு மாறியவர். ஆச்சி தீப்பெட்டி ஒட்டிய காலத்தில் குரோஸ் கணக்கில் கூலி. மூன்று தலைமுறையும் சனிக்கிழமைச் சம்பளம். செல்விக்கு இங்கிலாந்தில் ஒரு நல்ல பல்கலைக்கழகத்தில் ஆய்வு இடம் கிடைத்துவிட்டது. கெட்ட காலம் அங்கிருந்து தொடங்குகிறது.

முதலில் வருமானச் சான்று. இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று படியேறும்.

"ஏம்மா, அப்பாவுக்கு மாசம் எவ்வளவு?"

"வாரக்கூலி சார். மழை பேஞ்சா வேலை கிடையாது. ஆய்வுக்கு அதிகாரி வந்தா கிடையாது. எங்கயாச்சும் வெடிச்சா ஒரு மாசத்துக்குக் கதவடைப்பு."

"அதெல்லாம் கம்ப்யூட்டர் கேக்காது. ஒரு நம்பர் சொல்லு தாயி."

ஒரு நம்பர் சொன்னாள். குறைவாகச் சொன்னால் 'இதில் எப்படிச் சாப்பிடுகிறீர்கள்' என்று சந்தேகம். கூட்டிச் சொன்னால் 'பரவாயில்லையே' என்று சந்தேகம். ஏழை என்பதற்கு அத்தாட்சி வாங்கியாயிற்று.

அரசின் பணம் 'வழங்கப்படலாம்' என்று தொங்கும் நேரத்தில் அடுத்த கவுண்டருக்குப் போனாள். அங்கே பணக்காரி என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். கட்டணமும் தங்குசெலவும் அடங்கிய தொகை வங்கிக் கணக்கில் 28 நாள் அசையாமல் இருந்தால்தான் பிரிட்டன் மாணவர் விசா தரும். சரி, வங்கியில் கடன் கேட்போம் என்றால், கல்விக் கடன் நாலு லட்சம் வரைக்கும் ஈடு வேண்டாம். ஏழரை லட்சம் வரைக்கும் ஜாமீன்தாரர் ஒருவர் வேண்டும். அதற்கு மேல் சொத்துப் பத்திரம் வேண்டும். மேலாளர் கனிவானவர். "வீடு உங்க பேர்ல இருக்கா அண்ணாச்சி?" என்று அப்பாவைக் கேட்டார். வீடு புறம்போக்கு. ஒரே மாதத்தில், ஒரே குடும்பம், தாலுகா அலுவலகத்தில் ஒன்றும் இல்லாதவர்களாகவும் விசா அலுவலகத்தில் எல்லாம் உள்ளவர்களாகவும் நிற்க வேண்டும். கூத்து மேடையில் ஒரே ஆள் ராஜாவாகவும் கட்டியங்காரனாகவும் வேஷம் மாற்றிக்கொண்டு வரும்போது ஊர் சிரிக்கும். இங்கே சிரிக்கவும் நாதியில்லை.

இந்த 28 நாளுக்கென்றே ஒரு தொழில் வளர்ந்திருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கணக்கில் பணத்தைப் போட்டுக் காட்டி, விசா வந்ததும் எடுத்துக்கொண்டு, வட்டியை மட்டும் வாங்கிக்கொள்ளும் தரகர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஏழையின் பிள்ளை பொய் சொல்லாமல் படிக்க முடியாதபடி விதி எழுதியவர்கள் பெரிய மனிதர்கள். பொய் சொல்லிப் பிடிபட்டால் அவள் மோசடிக்காரி.

முழு நிதியுதவியோடு இடம் கிடைத்தால்? கிடைக்கட்டும், பார்ப்போம். பிரிட்டனில் ஆராய்ச்சி மன்றங்களின் பணத்தில் வெளிநாட்டவரைச் சேர்க்கலாம் என்று 2021ல் கதவு திறந்தார்கள். ஒரு சேர்க்கையில் 30 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று தாழ்ப்பாளும் வைத்தார்கள். மன்றம் தருவது உள்நாட்டு மாணவருக்கான கட்டணத்தைத்தான். வெளிநாட்டவருக்கென்று பல மடங்கு உயர்த்தி வைத்த கட்டணத்தில் மிச்சத்தைப் பல்கலைக்கழகம் மனசு வைத்துத் தள்ளுபடி செய்ய வேண்டும். மனசு வைத்தது என்றே கொள்வோம். விசாவோடு சேர்த்து மருத்துவ வரி: ஆண்டுக்கு 776 பவுண்டு. மூன்றாண்டு ஆய்வுக்கு மூன்றரை ஆண்டுக் கணக்குப் போட்டு 2,716 பவுண்டை முன்கூட்டியே, ஒரே தவணையில், முதல் மாத உதவித்தொகை கண்ணில் படுவதற்கு முன் கட்ட வேண்டும். நம் பணத்தில் மூன்று லட்சம். காய்ச்சல் வராதவருக்கும் உண்டு. முழு நிதியுதவி என்பதன் முழுமை இவ்வளவுதான்.

அமெரிக்கா பக்கம் போகலாமே என்பீர்கள். 2025 தொடக்கத்தில் அங்கே ஆராய்ச்சி மானியங்களுக்கு வெட்டு விழுந்தது. சில பல்கலைக்கழகங்கள் முனைவர் சேர்க்கையைச் சுருக்கின. மாசசூசெட்ஸ் மாநில மருத்துவப் பல்கலைக்கழகம் கொடுத்த இடத்தையே திரும்பப் பெற்றது. மே மாதக் கடைசியில் மாணவர் விசா நேர்காணலுக்குப் புதிதாகத் தேதி கொடுப்பதை நிறுத்தினார்கள். ஜூனில் மறுபடி திறந்தபோது, சமூக ஊடகக் கணக்குகளை எல்லாரும் பார்க்கும்படி திறந்து வை என்றார்கள். செல்வியின் பக்கத்தில் என்ன இருக்கும்? தீபாவளிக்கு முந்தின வாரம், அப்பா ராக்கெட் கட்டோடு நிற்கும் படம் இருக்கும். நேர்காணல் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

"அப்பா என்ன வேலை?"

"வெடிமருந்து கலக்குறாங்க."

"அம்மா?"

"திரி சொருகுறாங்க."

"ஊரில் வேறு யாரும் இந்த வேலையில்?"

"எல்லாருமே."

விசா கட்டணம் 185 டாலர். திரும்ப வராது.

இது வெளிநாட்டுக்காரன் வைக்கும் வேலி. அவன் ஊர், அவன் கதவு. எரிச்சல் வரும், கோபம் வராது. கோபம் வருவது நம்மாட்கள் வைத்த வேலியைப் பார்க்கும்போது. 2022 பிப்ரவரியில் நம் தேசியத் திட்டத்தின் விதிகளில் ஒரு வாசகம் நுழைந்தது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுக்கு இந்தப் பணம் கிடையாது. காரணமும் சொன்னார்கள்: உள்நாட்டைப் பற்றிப் படிக்க உள்நாட்டிலேயே நல்ல இடங்கள் இருக்கும்போது வெளிநாடு எதற்கு?

எவ்வளவு சிக்கனம்! செல்வி ஆராய நினைத்தது விருதுநகர் மாவட்டத்துப் பட்டாசு ஆலைகளில் பெண்களின் உழைப்பை. யாருக்கு எந்த வேலை, எந்த அறையில் எந்தச் சாதி, மருந்து கலக்கும் அறைக்கு யாரை அனுப்புகிறார்கள், நாக்பூர் வெடிபொருள் அலுவலகத்தின் உரிமம் வாங்கிய ஆலையின் வேலை எப்படி உள்குத்தகையாக வீட்டுத் திண்ணைக்கு வருகிறது, வெடித்த பிறகு வழக்கு எங்கே போய் ஒளிந்துகொள்கிறது. இது இந்தியச் சமூகம். ஆகவே பணம் கிடையாது.

ஆனால் சீனாவில் ஹுனான் மாகாணத்து லியூயாங்கில் பட்டாசுத் தொழிலாளி இருமினால் அது அயல்நாட்டு இருமல். அதை ஆராயலாம். ஸ்பெயினின் வலென்சியாவில் மார்ச் மாதம் தெருவெல்லாம் வெடிக்கிறார்களே, அதை ஆராயலாம். எனக்குப் பிடித்தது இன்னொன்று. 1888ல் லண்டன் கிழக்குப் பகுதியில் பிரையன்ட் அண்ட் மே தீக்குச்சித் தொழிற்சாலைப் பெண்கள் சுமார் 1,400 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அபராதம், அற்பக் கூலி, வெள்ளைப் பாஸ்பரஸ் தாடை எலும்பைத் தின்ற கொடுமை. அந்தப் பெண்களின் நிலையை எழுதி ஊரைக் கூட்டியவர் அன்னி பெசன்ட். பின்னாளில் நம் அடையாறுக்கு வந்து தங்கியவரேதான். லண்டன் தீப்பெட்டிப் பெண்ணின் தாடையைப் பற்றிச் செல்வி ஆய்வு செய்தால் இந்திய அரசு கட்டணம் கட்டும், விமானச் சீட்டு வாங்கித் தரும், மாதச் செலவும் தரும். திருத்தங்கல் தீப்பெட்டிப் பெண்ணின் நுரையீரலைப் பற்றி என்றால், தாயி, நீ பஸ் ஏறி மதுரைக்குப் போ.

போகலாம்தான். 2024ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் மாதக்கணக்கில் சம்பளம் போட முடியாமல் திணறிய கதையை நாளிதழ்களில் படித்தோம். தேசியத் தகுதித் தேர்வில் முன்னணியில் வந்து இளநிலை ஆய்வு நிதி பெற்றவர்களுக்கு மாதம் 37,000. அது கிடைக்காமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் 8,000. பட்டாசு ஆலையில் திரி சொருகினாலே அதைவிடக் கூடுதலாக வரும். உள்ளூரிலேயே நல்ல இடம் இருக்கிறது என்று சொன்ன அதிகாரியின் பிள்ளைகள் எந்த உள்ளூரில் படிக்கிறார்கள் என்று கேட்க எனக்கு ஆசை. கேட்டால் அது தனிப்பட்ட விஷயம் என்பார்கள்.

வெளிநாட்டில் உட்கார்ந்து நம் ஊரை ஆராய முடியாது என்று ஒரு வாதம் ஓடுகிறது. அப்படியா? நாடார் சமூகத்தைப் பற்றி 1969ல் புத்தகம் போட்டவர் ராபர்ட் ஹார்ட்கிரேவ், அமெரிக்கர். சிவகாசிக் குழந்தைத் தொழிலாளிகளைப் பற்றி விரிவாக எழுதிய மைரன் வீனர், அமெரிக்கர். அவர் நூல் வந்தது 1991ல். புதுக்கோட்டை ராஜாவைப் பற்றி நிக்கலஸ் டர்க்ஸ், திருநெல்வேலி விவசாயிகளைப் பற்றி டேவிட் லட்டன், இவர்களும் அமெரிக்கர்களே. அவர்கள் ஊரில், அவர்கள் மொழியில், அவர்கள் மேற்பார்வையில் நம்மைப் படித்துப் பேராசிரியர் ஆனார்கள். ஒரு குறையும் சொல்லவில்லை, நல்ல நூல்கள். இன்றைக்கும் தெக்கத்திச் சமூக வரலாற்றுக்கு அடிக்குறிப்பு தேடினால் அவர்களிடம்தான் போய் நிற்கிறோம். எந்த அமெரிக்க அதிகாரியும் அவர்களிடம் 'உனக்கு டெக்சாஸ் போதாதா, விருதுநகர் எதற்கு' என்று கேட்கவில்லை. சிகாகோ பையன் சிவகாசியைப் பற்றிச் சிகாகோவில் படிக்கலாம். சிவகாசிப் பெண்தான் சிவகாசியைப் பற்றிச் சிகாகோவில் படிக்கக் கூடாது.

இந்த விதி 1913ல் இருந்திருந்தால்? 22 வயது பீமராவ் அம்பேத்கருக்குப் பரோடா மகாராஜா மாதம் பதினொன்றரை பவுண்டு கொடுத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். அவர் அங்கே 1916ல் படித்த கட்டுரை இந்தியச் சாதிகளைப் பற்றி. கொலம்பியா முனைவர் ஆய்வு பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாண நிதி பற்றி. லண்டனில் 1923ல் பட்டம் வாங்கித் தந்தது ரூபாயின் பிரச்சினை. எல்லாமே இந்தியா. இன்றைய பரிசீலனைக் குழுவில் மூன்றும் தள்ளுபடி. 'விண்ணப்பதாரர் அலாஸ்காவின் மீன்பிடி பற்றி யோசிக்கலாம்' என்று குறிப்பு எழுதியிருப்பார்கள். அப்படி எழுதிய கையோடு ஏப்ரல் 14க்கு மாலை வாங்க ஆள் அனுப்பியும் இருப்பார்கள்.

பரோடா தருமமும் முழுதாக ஓடவில்லை. 1917ல் உதவி முடிந்துபோய் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டு வர நேர்ந்தது. 1920ல் மறுபடி போனது சொந்தச் சேமிப்பும் சாகு மகாராஜா உதவியும் நவல் பத்தேனா என்ற பார்சி நண்பரிடம் வாங்கிய கடனுமாக. நூறு வருஷம் கழித்தும் நம் மேதைகள் நண்பனின் கடனை நம்பித்தான் கப்பலேற வேண்டும் என்றால், நடுவில் ஒரு குடியரசு வந்ததே, அது என்ன வேலை பார்த்தது?

வெள்ளைக்காரன் ஆட்சியைப் புகழ எனக்கு விருப்பமில்லை, ஆனால் ஒரு தேதிக் கணக்கு உறுத்துகிறது. சீனிவாச ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்ப வேண்டும் என்று அங்கிருந்து வந்திருந்த கணித அறிஞர் நெவில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதியது 1914 ஜனவரி 28. பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு ஒதுக்கியது. ராமானுஜன் சென்னையில் கப்பலேறியது மார்ச் 17. ஏழு வாரம். மின்னஞ்சல் கிடையாது, இணைய முகப்பு கிடையாது, கைப்பேசியில் வரும் ஆறு இலக்கக் கடவுச்சொல் கிடையாது.

சிறுபான்மைப் பிள்ளைகள் விஷயத்தில் இந்தத் தொங்கலும் கிடையாது. அங்கே சுத்தமாக முடித்துவிட்டார்கள். மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையை 2022 டிசம்பரில் நிறுத்துவதாக நாடாளுமன்றத்தில் அறிவித்தார்கள், மற்றத் திட்டங்களிலும் இதே உதவி இருக்கிறதாம். வெளிநாட்டுப் படிப்புக் கடனுக்கு வட்டி மானியம் தந்த 'படோ பர்தேஷ்' திட்டமும் அதே ஆண்டோடு மூடல். வெளிநாட்டில் படி என்று பெயர் வைத்த திட்டத்தை மூடியதற்கு அறிவிப்பு பெற்றோருக்குப் போகவில்லை, வங்கிகளுக்குப் போனது.

மாநில அரசின் பங்குக்கு அம்பேத்கர் பெயரில் ஒரு அயல்நாட்டு உயர்கல்வித் திட்டம் இருக்கிறது, 36 லட்சம் வரை. நல்ல காரியம், மனமாரச் சொல்கிறேன். ஆனால் பட்டாசு ஆலைப் பெண்களில் எத்தனை பேருக்கு அப்படி ஒன்று இருப்பது தெரியும்? இலவசங்களுக்கு அடிக்கும் போஸ்டரில் பத்தில் ஒரு பங்கை இதற்கு அடித்திருக்கலாம். அடிக்கவேண்டிய அச்சகமெல்லாம் சிவகாசியிலேயேதானே இருக்கிறது.

இத்தனைக்கும் படிப்புக்குப் பணம் சேர்க்கத் தெரியாத ஊர் இல்லை இது. விருதுநகரில் காமராசர் படித்த சத்திரிய வித்யாசாலையை ஓட்டியது பிடியரிசி. உலை வைக்கும்போது வீட்டுக்கு வீடு ஒரு கைப்பிடி எடுத்துப் பானையில் போட்டுவைத்தார்கள். வியாபாரத்தில் மகமை பிடித்தார்கள். அது சாதி எல்லைக்குள் ஓடிய தருமம்தான், செல்வியின் பாட்டனுக்கு அந்தப் பானையில் பங்கு இருந்திருக்காது, அதை மறைக்க வேண்டியதில்லை. சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922ல் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா போனபோதும் அவர்களுக்குப் பின்னால் சொந்தபந்தம் இருந்தது. சொந்தபந்தம் இல்லாதவனுக்கும் அந்தப் பானை வேண்டும் என்றுதான் ஓட்டுப் போட்டு ஓர் அரசை வைத்தோம். அந்த அரசு பானையைக் கவிழ்த்துக் காட்டி 'வழங்கப்படலாம்' என்கிறது.

செல்வி இப்போது தலைப்பை மாற்றிவிட்டாள். லண்டன் தீக்குச்சிப் பெண்கள், 1888. அதிகாரிகளுக்கு மகிழ்ச்சி. இந்தியச் சமூகத்தின் வாடையே இல்லாத சுத்தமான தலைப்பு. நான்காம் அத்தியாயத்தில் ஒப்பீட்டுக்காக என்று ஓர் அடிக்குறிப்பு வரும். அந்த அடிக்குறிப்பு எழுபது பக்கம். அதில் மருந்து அறை, உள்குத்தகை, முதலிப்பட்டி, ஆச்சி ஒட்டிய குரோஸ் எல்லாம் இருக்கும். ஆண்டறிக்கை டெல்லிக்குப் போகும்போது தலைப்பைப் பார்த்து முத்திரை குத்துவார்கள். அதற்குமேல் புரட்டிப் பார்க்கிற பழக்கம் அந்த அலுவலகத்தில் யாருக்கும் இல்லை என்று அவள் நம்புகிறாள். பணமும் அதற்குள் வந்துவிட்டால் நல்லது.